கணையம் எடுக்கப் போகிறார்களா? வேலூருக்குப் பை கட்டும் முன் படியுங்கள்

குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த வழியில் எத்தனை முறை போய் வந்தோம் என்று எண்ணுவதைப் பாதியிலேயே விட்டுவிட்டேன். அக்காவுக்குப் பல ஆண்டுகளாகக் கணையத்தில் கல். பிறகு கணையத்தின் தலைப்பகுதியில் ஒரு கட்டி தெரிந்தது. வால்பகுதியிலும் சந்தேகம் என்று ஸ்கேனில் வந்தது. முழுக் கணையத்தையும் எடுத்துவிடுவதே நல்லது என்று மருத்துவர் சொன்ன அன்று, “பிழைத்துக்கொள்வாரா?” என்று மட்டும்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது. எடுத்த பிறகு அது பார்த்துவந்த வேலையை யார் பார்ப்பது என்று கேட்கத் தெரியவில்லை. வீடு திரும்பிய இரண்டாம் நாள் இரவு இரண்டரை மணிக்கு அந்த விடை கிடைத்தது: நாங்கள்தான்.

நான் மருத்துவன் அல்லன். கூடவே இருந்து பார்த்துக்கொண்ட தம்பி. மருந்தின் அளவு, உணவின் அளவு எல்லாம் உங்கள் மருத்துவர் சொல்வதுதான் முடிவு. அவரிடம் என்ன கேட்க வேண்டும், எதை முன்னதாகவே பழகிக்கொள்ள வேண்டும் என்பதற்கு இந்தக் கட்டுரை உதவும்.

முதலில்: எவ்வளவு எடுக்கிறார்கள்?

கணையம் இரைப்பைக்குப் பின்னால், குறுக்காகப் படுத்த நிலையில் இருக்கும். நீளம் ஏறத்தாழ 15 செ.மீ. தலை முன்சிறுகுடலின் வளைவுக்குள் அடங்கியிருக்கும். வால் மண்ணீரலைத் தொட்டுக்கொண்டிருக்கும். சாப்பாட்டைச் செரிக்கும் நொதிகளைச் சுரப்பது அதன் ஒரு வேலை. இரத்தச் சர்க்கரையை இறக்கும் இன்சுலினையும் ஏற்றும் குளுக்ககானையும் சுரப்பது இன்னொரு வேலை. இந்த இரண்டாம் வேலை உலகுக்குத் தெரியவந்ததே கணையத்தை எடுத்துப் பார்த்ததால்தான். 1889-இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மேரிங் என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை நீக்கினார்கள். அதற்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. மனிதருக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டது 1922-இல். அதற்கு முன் பிறந்திருந்தால் அக்காவுக்கு இந்த ஆபரேஷனைச் செய்திருக்கவே முடியாது என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

“கணைய ஆபரேஷன்” என்று ஊரில் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் அவை வேறு வேறு. தலைப்பகுதியில் கட்டி என்றால் பெரும்பாலும் விப்பிள் அறுவை சிகிச்சை. 1935-இல் இதைப் பற்றி எழுதிய ஆலன் விப்பிள் என்ற அமெரிக்க அறுவை நிபுணரின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. அதில் கணையத்தின் தலையோடு முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் ஒரு பகுதி ஆகியவையும் போகும். வால்பகுதியில் கட்டி என்றால் அந்தப் பக்கத்தை மட்டும் எடுப்பார்கள். மண்ணீரலும் சேர்ந்து போகலாம். முழு நீக்கம் என்றால் இவை பெரும்பாலும் மொத்தமாகப் போகும். பகுதி நீக்கத்தில் மிச்சமிருக்கும் கணையம் கொஞ்சமாவது வேலை செய்யும். முழு நீக்கத்தில் சர்க்கரை நோய் வருமா வராதா என்ற கேள்விக்கே இடமில்லை. அறுவை மேசையிலேயே வந்துவிடும்.

ஆகவே மருத்துவரைப் பார்க்கும்போது இவற்றை எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். தலையா, வாலா, முழுவதுமா? பாதிதான் என்று திட்டமிட்டிருந்தால், வயிற்றைத் திறந்த பிறகு முழுவதையும் எடுக்க நேருமா? (வெட்டிய விளிம்பை அங்கேயே நுண்நோக்கியில் பார்த்துவிட்டு முடிவை மாற்றுவது உண்டு. சம்மதப் படிவத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.) மண்ணீரல் போகுமா? கணையக் கல் நோய்க்காக என்றால், முழுவதும் எடுக்காமல் குழாயைத் திறந்து குடலோடு இணைக்கும் அறுவை போதாதா? புற்றுநோய் இல்லை என்றால், எடுத்த கணையத்திலிருந்து இன்சுலின் செல்களைப் பிரித்துக் கல்லீரலுக்குள் செலுத்தும் முறை எங்களுக்குப் பொருந்துமா? அது 1977-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் தொடங்கியது. எல்லா இடத்திலும் கிடைக்காது, எல்லாருக்கும் பொருந்தாது. ஆனாலும் கேட்டுவிடுங்கள். இன்னொன்று, கூச்சப்படாமல் கேளுங்கள்: “ஆண்டுக்கு இப்படி எத்தனை செய்கிறீர்கள்?” இந்த அறுவையில் கைப்பழக்கம் உள்ள இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் வித்தியாசம் அதிகம்.

போவதற்கு முந்தைய வாரங்கள்

மஞ்சள் காமாலை இருந்தால் சில நேரம் முதலில் பித்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்து அதை இறக்குவார்கள். உடம்பு மெலிந்திருந்தால் சில வாரம் சத்துணவு கொடுத்துத் தேற்றுவார்கள். “தேதி தள்ளிக்கொண்டே போகிறதே” என்று நாங்கள் புலம்பினோம். அது வீண் புலம்பல். முட்டை, பால், பருப்பு, மீன் என்று அந்த மூன்று வாரத்தில் அக்கா தேற்றிய மூன்று கிலோதான், ஆபரேஷனுக்குப் பிறகு கரைந்ததில் பாதியைத் தாங்கியது.

பீடி, சிகரெட், புகையிலை எதுவாக இருந்தாலும் குறைந்தது நான்கு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். நெஞ்சில் சளி கட்டுவதும் புண் ஆறாமல் இழுப்பதும் அதனால்தான். மது அன்றோடு சரி. கணையம் இல்லாத உடம்பில் மது போனால் சர்க்கரை கிடுகிடுவென இறங்கிவிடும்.

மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி ஒன்றை எழுதித் தருவார்கள். அதை அறுவைக்குப் பிறகு என்று பையில் போட்டு வைக்காதீர்கள். வலி இல்லாதபோது பழகினால்தான் வலியோடு செய்ய வரும். ஊத வேண்டியதில்லை, இழுக்க வேண்டும். அக்கா முதல் இரண்டு நாள் ஊதிவிட்டு, “பந்து ஏறவே இல்லையடா, கருவி கெட்டுப் போயிருக்கிறது” என்றார். தினமும் அரை மணி நேரம் நடப்பதும் முக்கியம். முன்கூட்டியே வேலூர் வந்து தங்கியிருந்தால் கோட்டைக்குப் போங்கள். அகழி ஓரமாகக் காலையில் பாதி ஊரும் அங்கேதான் நடக்கிறது.

மண்ணீரலும் போகும் என்றால், நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் போன்ற கிருமிகளுக்கான தடுப்பூசிகளை இரண்டு வாரத்துக்கு முன்பே போட வேண்டும். இரத்தம் இளக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, நாட்டு மருந்து எதைச் சாப்பிட்டாலும் சொல்லிவிடுங்கள். சித்த வைத்தியரிடம் வாங்கிய சூரணத்தை மறைப்பது நம் ஊர் வழக்கம். மயக்க மருந்து கொடுப்பவரிடம் மட்டுமாவது மறைக்காதீர்கள்.

இரத்தம் கொடுக்க ஆட்கள் தேவைப்படுவார்கள். சொந்தக்காரர்களில் யார் வரமுடியும் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் போன் போட்டால் எல்லாருக்கும் திடீரென்று இரத்த அழுத்தம் இருக்கும்.

பணத்துக்கு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. நீங்கள் போகும் மருத்துவமனையும் இந்த அறுவையும் அதில் வருகின்றனவா என்று அங்குள்ள காப்பீட்டு மேசையில் முதலில் கேளுங்கள். அட்டை இல்லையென்றால் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் அலுவலகம் போக வேண்டும். வேலூர் மாவட்டத்துக்கு அது சத்துவாச்சாரியில். பழைய நினைப்பில் ஆம்பூர்க்காரர்களும் ஆற்காட்டுக்காரர்களும் இங்கே வந்து நிற்பதைப் பார்த்தேன். 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆம்பூருக்குத் திருப்பத்தூர், ஆற்காட்டுக்கு ராணிப்பேட்டை.

ஊசியை இப்போதே பழகுங்கள்

என்னிடம் யாராவது ஒரே ஒரு யோசனை கேட்டால் இதைத்தான் சொல்வேன். அறுவைக்கு முன்பே சர்க்கரைப் பரிசோதனைக் கருவி ஒன்றை வாங்கி, விரலில் குத்திப் பார்க்கப் பழகுங்கள். இன்சுலின் ஊசி போடுவதைச் செவிலியரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் இரண்டு பேருக்குத் தெரிய வேண்டும். ஆபரேஷன் முடிந்து, தூக்கமில்லாமல், பில் கட்ட ஓடும் நாளில் கற்றுக்கொண்டால் மண்டையில் ஏறாது.

குறிப்பாக ஒரு விஷயம். இன்சுலின் குப்பி இரண்டு வகையாக வருகிறது: ஒரு மில்லியில் 40 யூனிட், ஒரு மில்லியில் 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை. 40-க்கு உரியது சிவப்பு மூடி. 100-க்கு உரியது ஆரஞ்சு மூடி. மாற்றிப் போட்டால் விபரீதம். 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் பத்துக் கோடு இழுத்தால் உடம்பில் 25 யூனிட் போய்விடும். தலைகீழாகச் செய்தால் பத்துக்குப் பதில் நான்குதான் போகும். எங்கள் தெரு மருந்துக் கடை ஒன்றில் 40 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் சர்க்கரை 350-க்குக் கீழே இறங்கவே இல்லை. “ரசத்தில் சர்க்கரை போட்டாயா?” என்று அக்காவை நான் சந்தேகப்பட்டதுதான் மிச்சம். மூன்றாம் நாள் மூடியின் நிறத்தைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. பேனா ஊசியில் இந்தக் குழப்பம் இல்லை; விலைதான் கூடுதல்.

வேலூரில் தங்கல்

இரயிலில் வருபவர்கள் காட்பாடியில் இறங்கி, பாலாற்றுப் பாலத்தைக் கடந்து ஊருக்குள் வர வேண்டும். ஐடா ஸ்கடர் சாலையைச் சுற்றிய சந்துகளில் தமிழைவிட வங்காளப் பெயர்ப்பலகை அதிகம். அதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். அவர்கள் புண்ணியத்தில்தான் சமையலறையோடு சேர்ந்த லாட்ஜ் அறைகள் இத்தனை இருக்கின்றன. அந்த மாதிரி அறையையே எடுங்கள். அறுவை முடிந்து வருபவருக்கு ஒரு நாளைக்கு ஆறு வேளை கொஞ்சம் கொஞ்சமாகச் சமைக்க வேண்டியிருக்கும்; ஓட்டல் சாப்பாடு சரிப்படாது. தரைத்தளம் அல்லது லிப்ட் உள்ள கட்டடம், உட்காரும் கழிப்பறை, ஒரு சிறிய குளிர்சாதனப் பெட்டி. இந்த மூன்றையும் முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் கண்ணால் பாருங்கள். சில மருத்துவமனைகளுக்கு நகருக்குள் ஒன்றும் ஊருக்கு வெளியே ஒன்றுமாக வளாகங்கள் இருக்கின்றன. உதாரணமாக சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ரத்தினகிரி பக்கம் நெடுஞ்சாலையில் தனி வளாகம் உண்டு. உங்கள் சீட்டில் எந்த வளாகம் என்று பார்த்துவிட்டு அறை எடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் அது அடுக்கம்பாறையில்.

வீட்டுக்குப் போகலாம் என்று அனுப்பிய பிறகும் குறைந்தது ஒரு வாரம், பத்து நாள் பக்கத்திலேயே இருங்கள். குடியாத்தம்தானே, போய்விடலாம் என்று நாங்கள் நான்காம் நாளே கிளம்பினோம். அந்த அவசரத்துக்குத்தான் இரண்டரை மணிக் கதை.

பையில் வைக்க வேண்டியவை: எல்லா அறிக்கைகளும் தேதி வரிசையில் ஒரே கோப்பில், ஸ்கேன் சி.டி. தனியாக. முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்வான சட்டை அல்லது நைட்டி. வயிற்றிலிருந்து குழாய்கள் தொங்கும்போது தலைவழியாக மாட்டும் உடை முடியாது. ஒரு சின்ன, கெட்டியான தலையணை. இது தூங்குவதற்கு இல்லை. இருமும்போது வயிற்றுத் தையலோடு அணைத்துப் பிடித்துக்கொள்ள. அக்கா அந்தத் தலையணையை இன்றும் தூக்கிப் போட விடவில்லை.

அறுவை நாளும் அதற்கடுத்த நாட்களும்

பொதுவாகத் திட உணவை ஆறு மணி நேரத்துக்கு முன்பும் தண்ணீரை இரண்டு மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். உங்கள் வார்டில் சொல்லும் நேரமே கணக்கு. அறுவை பல மணி நேரம் நீளும். வெளியே காத்திருப்பவர்கள் சாப்பிடாமல் கிடக்காதீர்கள். மாலையில் உள்ளே அழைத்து விவரம் சொல்லும்போது தலை சுற்றாமல் கேட்க ஓர் ஆளாவது வேண்டும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் முதல் தடவை பார்க்கும்போது பயமாகத்தான் இருக்கும். மூக்கில் ஒரு குழாய், வயிற்றின் பக்கவாட்டில் ஒன்றோ இரண்டோ, சிறுநீருக்கு ஒன்று, கழுத்திலோ கையிலோ ஊசி, வலிக்கு முதுகில் ஒன்று. சிலருக்குச் சிறுகுடலுக்கு நேராக உணவு கொடுக்கவும் ஒரு குழாய் இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார்கள். மறுநாளே உட்கார வைப்பார்கள், அதற்கடுத்து நடக்கச் சொல்வார்கள். “இவ்வளவு பெரிய வயிற்றை அறுத்துவிட்டு நடக்கச் சொல்கிறார்களே, இரக்கமே இல்லையா?” என்று சித்தி கேட்டார். இரக்கத்தால்தான் நடக்கச் சொல்கிறார்கள். படுத்தே இருந்தால் காலில் இரத்தம் உறையும், நெஞ்சில் சளி இறங்கும். உறையாமலிருக்க வயிற்றுத் தோலில் தினமும் ஓர் ஊசியும் போடுவார்கள்.

வலியைப் பொறுத்துக்கொள்வது பெருமை இல்லை. வலி தெரியாமல் இருந்தால்தான் இருமவும் நடக்கவும் முடியும். கேட்டு மருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இரைப்பை சில நாள் வேலை நிறுத்தம் செய்யும். குடித்தது இறங்காமல் குமட்டும், வாந்தி வரும். இது இந்த அறுவையில் அடிக்கடி வருவது. பெரும்பாலும் நாள் போகப்போகச் சரியாகும். விப்பிளிலும் வால்பகுதி அறுவையிலும் மிச்சமுள்ள கணையத்திலிருந்து நீர் கசிவது பெரிய கவலை. முழு நீக்கத்தில் கசியக் கணையமே இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல். எல்லாம் சரியாகப் போனால் ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்தில் அனுப்புவார்கள். எடுத்த பகுதியைச் சோதிக்கும் பயாப்ஸியின் முடிவு பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும். புற்றுநோய் என்று வந்தால், உடம்பு தேறியதும் மருந்துச் சிகிச்சை (கீமோதெரபி) தொடங்க வேண்டியிருக்கும். அதற்காகவாவது சாப்பிட்டுத் தேறுவதில் சுணங்கக் கூடாது.

இரவு இரண்டரை மணி

சமையலறையில் டம்ளர் உருளும் சத்தம் கேட்டு எழுந்து போனேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நைட்டி முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்வை. மின்விசிறிக் காற்றில் கை நடுங்கியது. “ஒன்றும் இல்லைடா, நீ போய்ப் படு” என்றார். குரல் குழறியது. விரலில் குத்திப் பார்த்தேன்: 46.

மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். பதினைந்து நிமிடம் கழித்து 61. மறுபடியும் மூன்று தேக்கரண்டி. அப்புறம் 94. அதற்குப் பிறகு நான்கு பிஸ்கட்டும் அரை டம்ளர் பாலும். அன்று இரவு நாங்கள் இருவரும் தூங்கவில்லை.

காரணம் எளிமையானது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் முழு அளவு ஊசி போட்டாகிவிட்டது. அக்கா சாப்பிட்டது முக்கால் தோசை. ஆரம்ப வாரங்களில் எவ்வளவு சாப்பாடு இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. “சாப்பிட்டு முடித்ததும், சாப்பிட்ட அளவுக்கு ஏற்றபடி ஊசி போடலாமா?” என்று மருத்துவரிடம் கேளுங்கள். எங்களுக்கு அப்படித்தான் மாற்றிக் கொடுத்தார்கள்.

ஊரில் எல்லார் வீட்டிலும் சர்க்கரைக்காரர் இருக்கிறார். எல்லாரும் யோசனை சொல்வார்கள். அவர்களுடைய நோய் வேறு, இது வேறு. அவர்களுக்குக் கணையம் இருக்கிறது. சர்க்கரை அதிகம் இறங்கினால் அதிலிருந்து குளுக்ககான் சுரந்து ஓரளவு தூக்கிவிடும். நமக்கு ஏற்றுவதும் இல்லை, இறக்குவதும் இல்லை. அதனால் ஏறினால் வேகமாக ஏறும், விழுந்தால் தடாலென்று விழும். மருத்துவர்கள் இதை 3சி வகை என்கிறார்கள். மாத்திரையால் இதைச் சமாளிக்க முடியாது. “வெந்தயம் ஊற வைத்துக் குடித்தால் ஊசியை நிறுத்திவிடலாம்” என்று ஒருவர் வந்து சொன்னார். டீ கொடுத்து அனுப்பிவிட்டோம்.

70-க்குக் கீழே போனால் உடனே சர்க்கரைத் தண்ணீர். பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பக்கவாட்டில் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். வாந்தி, காய்ச்சல் என்று சாப்பிடாமல் இருக்கும் நாளிலும் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை நாமாக முழுவதும் நிறுத்தவே கூடாது. போன் செய்து அளவு கேட்க வேண்டும். நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். சட்டைப்பையிலோ கைப்பையிலோ ஓர் அட்டை எப்போதும் இருக்கட்டும்: “கணையம் முழுவதும் நீக்கப்பட்டவர். இன்சுலினை நிறுத்தக் கூடாது. மயங்கியிருந்தால் முதலில் சர்க்கரை அளவு பார்க்கவும்.” வசதி இருந்தால் கையில் ஒட்டும் சென்சார் வாங்கலாம். இரண்டு வாரம் வரை நிற்கும், இறங்கும்போது கைபேசியில் ஒலி எழுப்பும். எங்களுக்கு முதல் இரண்டு மாதம் அதுதான் தூக்கம் கொடுத்தது.

வேலூர் வெயிலும் இன்சுலினும் ஆகாது. திறக்காத குப்பி குளிர்சாதனப் பெட்டியின் கதவுப் பக்கம் இருக்கட்டும். உறைபெட்டியில் வைத்தால் வீண். திறந்த குப்பி அறை வெப்பத்தில் நான்கு வாரம் வரை தாங்கும் என்பார்கள்; அந்த அறை, அக்னி நட்சத்திரத்தில் ஓட்டு வீட்டு அறை அல்ல. பெட்டி இல்லாத வீட்டுக்குப் பானைதான் வழி. ஒரு பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை. இடையில் ஆற்று மணல். காலையும் மாலையும் மணல் நனையத் தண்ணீர். உள்பானையில், இறுக்கமாக மூடிய டப்பாவில் குப்பி. மேலே ஈரத்துணி. மின்வெட்டு நாட்களில் எங்களுக்கும் இதுதான். பயன்படுத்திய ஊசிகளைத் திருகுமூடி உள்ள கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போடுங்கள். தெருக் குப்பையில் தனியாக எறியாதீர்கள்.

சாப்பாடும் நொதி மாத்திரையும்

இன்சுலினைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், இதைப் பற்றிப் பேசுவதில்லை. நொதி இல்லாமல் சாப்பிட்டால் சாப்பாடு அப்படியே வெளியே போகும். அடையாளம்: எண்ணெய் மினுக்கத்தோடு, வெளிறி, மிதந்து, எத்தனை முறை தண்ணீர் ஊற்றினாலும் பீங்கானில் ஒட்டிக்கொள்ளும் மலம், கடும் நாற்றம், எவ்வளவு சாப்பிட்டும் மெலிவது. அருவருப்புப் படாமல் தினமும் பாருங்கள். மாத்திரை போதுகிறதா என்று சொல்லும் பரிசோதனை அதுதான்.

மாத்திரையில் 10,000, 25,000 என்று லைபேஸ் (கொழுப்பைச் செரிக்கும் நொதி) யூனிட் எழுதியிருக்கும். பெரிய சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 யூனிட்டும், சிற்றுண்டிக்கு அதில் பாதியுமாகத் தொடங்குவது வழக்கம், பிறகு கூட்டுவார்கள். சாப்பிடுவதற்கு அரை மணி முன்பும் வேண்டாம், சாப்பிட்ட பிறகும் வேண்டாம். முதல் கவளத்தோடு ஒன்று, பாதியில் ஒன்று என்று சாப்பாட்டோடு சாப்பாடாகப் போக வேண்டும். கடிக்கக் கூடாது. சூடான காபியோடு விழுங்கக் கூடாது. பால், பஜ்ஜி, முறுக்கு எதற்கும் தேவை. வெறும் டீக்கடை வடைக்கும் தேவை. கடுங்காப்பிக்கும் பழத்துக்கும் பெரும்பாலும் வேண்டாம். இதுவும் வெயிலில் கெடும். ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்லக் கூடாது.

இது பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்து இஸ்லாமியக் குடும்பங்களுக்கும், சைவ உணவுக்காரர்களுக்கும் இது முன்பே தெரிவது நல்லது. பாதியில் தெரிந்து நிறுத்திவிடுவதுதான் ஆபத்து. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஆம்பூர் பெரியவர் தம் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டு, உயிர் காக்கும் மருந்துக்குத் தடையில்லை என்ற பதிலோடு நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தார். ரமலான் நோன்பு, வெள்ளிக்கிழமை விரதம் இரண்டையும் மருத்துவரிடம் கேட்காமல் இருக்கவே இருக்காதீர்கள்.

“சர்க்கரை வந்துவிட்டதே, கேழ்வரகுக் களி கொடு” என்பது எங்கள் பக்கத்து முதல் யோசனை. களி நல்ல சாப்பாடுதான்; ஆனால் முதல் மாதங்களில் நார் அதிகமானால் வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும், நொதியின் வேலையும் மட்டுப்படும். குழைந்த சோறு, இட்லி, முட்டை, தயிர், நன்றாக வெந்த மீன் என்று தொடங்கி, பிறகு களிக்கு வாருங்கள். நெய்யை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் கொழுப்பும் செரிக்கும். எடை ஏற அது வேண்டும். ஏ, டி, இ, கே வைட்டமின்கள் கொழுப்போடுதான் உடம்பில் சேரும். அவற்றின் அளவையும் எலும்பின் வலிமையையும் அவ்வப்போது பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை.

இரண்டு மாதம் வரை நான்கைந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. நீர் நிறைந்த குடம் கூடாது. ஓடி வரும் பேரக்குழந்தையைத் தூக்கவும் கூடாது. பழைய தெம்பு வர மூன்று மாதம் ஆகும், சிலருக்கு ஆறு. நடுவில் காரணமில்லாமல் அழுகை வரும். அதையும் மருத்துவரிடம் சொல்லலாம்.

எப்போது உடனே ஓட வேண்டும்: காய்ச்சல் 100.4-க்கு மேல், குளிர் நடுக்கம், தையலில் சீழ், குழாயில் இரத்தமோ பச்சைப் பித்தமோ, கருப்பு மலம், நிற்காத வாந்தி, கண்ணில் மஞ்சள், ஒரு கால் மட்டும் வீங்குவது, மூச்சுத் திணறல். மண்ணீரல் எடுத்தவருக்குச் சாதாரணக் காய்ச்சல் என்று ஒன்று கிடையாது; விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கல்யாணத்துக்குப் போகலாம். ஆறாம் மாதம் பேரணாம்பட்டில் ஒரு கல்யாணத்துக்கு அக்காவை அழைத்துப் போனோம். மாத்திரையை உப்பு வைக்கும் மூலையில் வைத்துக்கொண்டு, பிரியாணி பாதி, கத்திரிக்காய் கொஞ்சம் என்று நிதானமாகச் சாப்பிட்டார். ஊசியை மட்டும் அவர் பையிலிருந்து எடுக்கவே இல்லை. இலை போட்டு, சோறு விழுந்து, எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்த பிறகுதான் எடுத்தார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ‘அடுத்த பந்தியில் உட்காரலாம் வாருங்கள்’ என்று கூப்பிடுபவர் பேச்சை நம்பி ஊசி போட்டுவிட்டு நிற்காதீர்கள். நம் கல்யாணங்களில் அடுத்த பந்தி எப்போது எழும் என்று மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கே தெரியாது.